கடலில் கிடந்த இருபோக நஞ்சை

அறுபத்தெட்டு ரூபாய் நாற்பது பைசா. சர்க்காருக்கு நான் கட்ட வேண்டிய பாக்கி அவ்வளவு. கலியாணத்துக்கு வாங்கியதில்லை, வைத்தியத்துக்கு வாங்கியதில்லை. வாங்கினதே இல்லை. கடலுக்கு நான் கட்ட வேண்டிய தீர்வை அது.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, பண்ணைகள் உபரி நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ஆனபோது எங்கள் ஊர்ப் பண்ணை ரொம்பத் தாராளமாக நடந்துகொண்டது. ஆற்று முகத்துவாரத்தில் இருந்த நிலத்தையெல்லாம் ஒரே கையெழுத்தில் விட்டுக்கொடுத்துவிட்டது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் அடித்த ஒரு புயலில் கடல் உள்ளே வந்தது. வந்த இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. காகிதத்தில் மட்டும் அந்த நிலம் நஞ்சையாகவே இருந்தது.

மேடை போட்டுப் பட்டா கொடுத்தார்கள். கறுப்புச் சிவப்புத் தோரணம், ஒலிபெருக்கி, சோடா எல்லாம் இருந்தது. ஒரு மந்திரி கையால் வாங்கினேன். அப்போது எடுத்த போட்டோ என்று மறுநாள் ஒன்றைக் காட்டினார்கள். அதில் என் பாதி முகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிற பாதி.

நிலத்தைப் பார்க்க நானும் என் பெண்சாதி விண்ணரசியும் போனோம். நான் தோளில் மண்வெட்டி வைத்திருந்தேன். அவள் கஞ்சித் தூக்கு வைத்திருந்தாள். கிராமக் கணக்குப்பிள்ளை அமிர்தலிங்கம்தான் இடத்தைக் காட்டினார். கரையில் நின்று கையை நீட்டினார்.

"அதோ தண்ணிக்குள்ள ஒரு மொட்டைப் பனை தெரியுதா? அதுதான் உன் சனி மூலை, வடகிழக்கு. அதுலேருந்து தெக்கால, மேக்கால, ரெண்டு ஏக்கரா."

"தண்ணியால்ல நிக்கிது" என்றேன்.

"நஞ்சைன்னா தண்ணி நிக்கத்தான்யா செய்யும்."

விண்ணரசி தூக்கைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "ஏங்க, நம்ம வயல்ல மீனு துள்ளுது" என்றாள்.

கூலியாட்கள் சங்கத்தில் போய்ச் சொன்னேன். போராடி வாங்கின நிலம், திருப்பிக் கொடுத்தால் உரிமையை விட்டுக்கொடுத்தது மாதிரி ஆகும் என்றார்கள். கடலுக்குள் செங்கொடி நடும் போராட்டம் ஒன்றை நடத்துவதாகக் கொஞ்சநாள் பேச்சு இருந்தது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க நீச்சல் தெரிந்த தோழர் கிடைக்கவில்லை. அதோடு அது நின்றுபோனது.

நானும் மறந்துபோனேன். மறக்காதது சர்க்கார்தான். புஞ்சைக்காரர்களுக்குத் தீர்வை தள்ளுபடி என்று அப்போது சொல்லியிருந்தார்கள். என்னுடையது நஞ்சை. அதிலும் வருஷம் பூராவும் தண்ணீர் வற்றாமல் நிற்பதால் இருபோக நஞ்சை என்று பதிவாகியிருந்தது. தீர்வையும் இரண்டு போகத்துக்கு. அதன்மேல் தண்ணீர் வரி. எல்லாம் சேர்ந்து பசலிக்குப் பசலி, வருஷாவருஷம் ஏறிக்கொண்டே வந்தது. சங்கத்து மாலைப் பள்ளியில் நரை விழுந்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகி, நான் முதன்முதலாகத் தலையிலிருந்து வால்வரை வாசித்த காகிதம் அந்த டிமாண்டு நோட்டீஸ்தான். வாசிக்கத் தெரியாத வரைக்கும் எனக்குப் பாக்கியே இருந்ததில்லை.

அதைக்கூடக் கூரையில் செருகி வைத்திருப்பேன். அதற்குள் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பண்ணை மனையில் குடிசை போட்டிருக்கிற கூலியாட்களுக்கு அந்த மனையே சொந்தம் என்றார்கள். பட்டியல் எழுதி, தாலுகாவில் வருஷக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தியில் பட்டா தருவதாக ஏற்பாடு. பட்டியலில் பெயர் இல்லாதவன் குடிசையைப் பிரித்துவிட்டுத் தென்னந்தோப்பு வைக்கப் பண்ணை காத்துக்கொண்டிருந்தது. காத்துக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் வாசலுக்கு நேரே ஒரு தென்னங்குழி வெட்டிவிட்டார்கள். விண்ணரசி அதைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீர்க் குடம் எடுத்து வந்தாள். பட்டியலைப் போய்ப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே 'பாக்கிதாரர்' என்று எழுதி அடித்திருந்தது.

ஆர்.ஐ. பஞ்சநதத்தைப் போய்ப் பார்த்தேன். வருவாய் ஆய்வாளர். நல்ல மனுஷர்தான். பேசும்போதே தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

"பாக்கி வச்சிருக்கிறவனுக்கு மனைப் பட்டா கெடையாது மிக்கேல்ராஜு" என்றார். "கட்டிடு."

"ஐயா, அது கடலுங்க."

"அத நீ சொல்லப்படாது. ஸ்தலத்தைப் பாத்து நான் சொல்லணும்."

"அப்ப வந்து பாருங்கய்யா."

"பாக்கறேன். வெள்ளாமை அழிவுன்னா தள்ளுபடிக்கு எழுதலாம். ஆனா நான் பாக்கும்போது பட்டாதாரர் நெலத்துல நிக்கணும். நெலம் ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கம்னா, எந்த நெலத்தைப் பாத்தேன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"கடல்ல எப்படிங்கய்யா நிக்கிறது?"

"அது பட்டாதாரர் பாடு."

"மீன்காரங்க யாராச்சும் கூட்டிக்கிட்டுப் போனா?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கூட இன்னொருத்தன் நின்னா அனுபோகம் அவன் பேர்ல எழுதவேண்டி வரும். சர்க்கார் கொடுத்த நெலத்தை நீ மேல்குத்தகைக்கு விட்டதா ஆயிடும். பட்டா ரத்து."

"ரத்து பண்ணிடுங்கய்யா. கோடிப் புண்ணியம்."

"ரத்தானாலும் பாக்கி நிக்கும்ப்பா. நெலம் போயிடும், கடன் இருக்கும். தேவலையா?"

தேவலை இல்லை என்றேன். அடுத்த வாரம் ஸ்தலத்துக்கு வருவதாகச் சொல்லி அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

கடலோரத்துக் குப்பத்தில் நாகம்மாள் என்று ஒரு பொம்பளை உண்டு. எங்கள் தெருவுக்கு மீன்கூடை தூக்கிக்கொண்டு வருகிறவள். நெல்லுக்கு மீன் போடுவாள். புருஷன் நாகப்பட்டினத்தில் விசைப்படகு வேலைக்குப் போய்விட்டதால், அவனுடைய சின்னக் கட்டுமரம் மணலில் சும்மா கிடந்தது. மூன்றே மரம். ஒருத்தர் ஏறிப்போகிற அளவு. இரண்டு மரக்கால் நெல்லுக்கு ஒருநாள் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

"அண்ணே, நீந்தத் தெரியுமா?" என்றாள்.

"குளத்துல நீந்துவேன்."

"குளத்துல எருமையும்தான் நீந்துது. நான் வந்து தள்ளிக்கிட்டுப் போறேனே."

ஆர்.ஐ. சொன்ன சட்டத்தைச் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒத்தையா போயி ஒத்தையா சாவணும்னு சட்டம் போட்டிருக்காங்களா. சரி. பாயை நானே கட்டித் தர்றேன். இந்தக் கயித்தை இழுத்தா காத்துப் பிடிக்கும். விட்டா விட்டுடும். துடுப்பைப் பின்னால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டா போதும். காலையில கரைக்காத்து வெளியில கொண்டுபோவும், மத்தியானம் கடல்காத்து திருப்பிக் கொண்டாரும். ஒன்னுமே செய்யாம இருந்தாலே போயிட்டு வந்துடலாம். ஒன்னுமே செய்யாம இருங்க."

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். எனக்குத்தான் அந்த வேலை வரவில்லை.

அந்த நாள் விடிந்ததும் குப்பத்துக்குப் போனேன். நாகம்மாள் மூன்று மரத்தையும் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டிருந்தாள். கட்டினால்தான் அது கட்டுமரம், கடலுக்குப் போய்வந்ததும் அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப்போடுவார்களாம். இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடுமாம். கட்டி முடித்து, பாயையும் சுருட்டி வைத்துவிட்டு, மீன் ஏலத்துக்குப் போய்வருகிறேன் என்று போனாள்.

நான் மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் சந்து இருந்தது. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து மணல் தெரிந்தது. விரல் போனது. சில இடத்தில் கையே போனது.

இதை வாசிக்கிறவர் வயல் வேலை பார்த்தவராக இருந்தால் என் நிலைமை புரியும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த வேலை, தண்ணீர் போகிற ஓட்டையை அடைப்பது. வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியாது. யார் வயலாக இருந்தாலும் குனிந்து ஒரு கை சேறு அள்ளி அப்பிவிட்டுத்தான் போவேன். பொம்பளைதானே கட்டினாள், அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். முகத்துவாரத்துக் களிமண் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. குப்பத்து மாட்டுக்குப் போட்ட வைக்கோலும் இருந்தது. வைக்கோலை மண்ணில் குழைத்து, சந்தெல்லாம் திணித்து, காலால் மிதித்து, மேலே தண்ணீர் தொட்டு வழித்து, இரண்டு ஓரத்திலும் சின்னதாக வரப்பும் எடுத்துவிட்டேன். சொட்டுப் போகாது. வேலை முடிந்தபோது மனசு நிறைந்தது. இரண்டு மரக்கால் நெல் போக நாகம்மாளுக்கு ஒரு உபகாரமும் செய்தாயிற்று.

ஆர்.ஐ. குடை பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் அமிர்தலிங்கம் கணக்கு நோட்டைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கரையில் ஒரு கவிழ்த்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்தார்கள்.

"ஏறி நில்லுப்பா. வெயில் ஏறுது" என்றார் ஆர்.ஐ.

தள்ளினேன். நகரவில்லை. மறுபடி தள்ளினேன். எருமை எழுந்திருக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் உட்கார்ந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். மரத்தைப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆபீசர் உட்கார்ந்திருக்கும்போது நமக்கென்ன என்று பேசாமல் தள்ளிவிட்டுப் போனார்கள். தண்ணீரில் இறங்கி நான் ஏறி நின்ற சமயத்தில்தான் நாகம்மாள் ஏலத்திலிருந்து திரும்பி வந்தாள். கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடப் பாவி அண்ணே, மரத்தை வரப்பாக்கிட்டியே" என்றது காற்றில் கேட்டது. அதற்குள் பாய் விரிந்துவிட்டது.

போனேன் என்று சொல்ல முடியாது. கொண்டுபோகப்பட்டேன். அலை ஒன்று வந்து மேலே ஏறியது. ஏறின தண்ணீர் இறங்க வழியில்லை. வழியை நான்தான் அடைத்திருந்தேனே. அடுத்த அலையும் ஏறியது. கொஞ்ச தூரம் போவதற்குள், மரத்தின்மேல் இரண்டு வரப்புக்கு நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி நின்றது. நடவுக்குச் சேறு கலக்கின வயலில் நிற்கிற மாதிரி இருந்தது. காலுக்குப் பழக்கமாக இருந்ததால் கொஞ்சம் தைரியமும் வந்தது.

துடுப்பை வலதுபக்கம் அமுக்கினால் மரம் இடதுபக்கம் போனது. இடதுபக்கம் போகாதே என்று இழுத்தால் சுற்றியது. கயிற்றை மூக்கணாங்கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு, "இந்தாண்ட, இந்தாண்ட வா" என்று மாட்டுக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். மாடாவது காதை ஆட்டும். மொட்டைப் பனை நேரே வந்துகொண்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பருந்து என்னைப் பார்த்துவிட்டு, இடித்தாலும் இடிப்பான் என்று எழுந்து போனது. பனை பக்கத்தில் வந்ததும் துடுப்பை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கால் மரத்தில், கை பனையில். மரம் போய்க்கொண்டிருந்தது. நான் நீண்டுகொண்டிருந்தேன். அந்தோணியாரே என்று பெருவிரலால் கயிற்றைக் கவ்வி, காலால் இழுத்து, மரத்தைப் பனையில் கட்டினேன். மாட்டைக் கட்டுகிற முடிச்சுத்தான். வேறு முடிச்சு எனக்குத் தெரியாது.

கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆர்.ஐ. குரல் தெளிவாகக் கேட்டது.

"நெலத்துல நிக்கிறானா?"

"சனி மூலையில நிக்கிறான் சார்" என்றார் அமிர்தலிங்கம்.

"மூலையில நின்னா எப்படி. நடுவுல நிக்கச் சொல்லு."

முடிச்சை அவிழ்த்து, பனையைக் காலால் உதைத்து நடுவுக்கு வந்தேன். வந்தேன் என்பதும் அப்படித்தான். மண்பாரமும் தண்ணீர்பாரமும் சேர்ந்து மரம் மெதுவாக இறங்கி, நிலத்தின் நடு இடத்தில் தரைதட்டிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நீர் வற்றுகிற நேரம் வேறு. ஆட்டம் அசைவு இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக என் சொந்த நிலத்தில் ஊன்றி நின்றேன்.

ஆர்.ஐ. எழுந்து நின்று, கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்தார். "கால்ல தண்ணி நிக்கிதா?"

"நிக்கிதுங்கய்யா."

"எவ்வளவு?"

"கணுக்கால் அளவுங்க." உண்மையைத்தான் சொன்னேன். நான் மரத்தின்மேல் இருந்த தண்ணீரைச் சொன்னேன்.

"கணுக்கால் அளவு. பயிருக்குப் போதுமான தண்ணி. எழுதிக்குங்க அமிர்தலிங்கம்" என்றார். பிறகு கழுத்தை நீட்டினார். "அது என்னப்பா காலடியில மஞ்சளா?"

"வைக்கோலுங்க."

ஆர்.ஐ. தண்ணீர் ஓரம்வரை வந்து நின்றார்.

"வைக்கோலா? அப்ப அறுப்பு முடிஞ்சிடுச்சா?"

"ஐயா, இது நான் வச்ச வைக்கோலுங்க."

"நீ வைக்காம பின்ன நானா வச்சேன். உன் நெலம், நீதான் வைப்ப."

"வெளைஞ்சதில்லைங்கய்யா."

"வெளையாம வைக்கோல் ஏதுய்யா?" என்று ஆர்.ஐ. அமிர்தலிங்கத்தைக் கேட்டார். அவர், "நேரா பாத்ததை எழுதித்தானே சார் ஆவணும்" என்று நோட்டைப் பிரித்தார். 'அறுவடை முடிந்து வைக்கோல் கிடப்பதாகக் காணப்பட்டது' என்று எழுதியதை அவர் சத்தம்போட்டு வாசித்தது எனக்குக் கேட்டது.

அவ்வளவுதான், வீடு போயிற்று என்று நினைத்தேன். விண்ணரசி குடத்தோடு குழியைச் சுற்றி வருவது கண்ணுக்குள் வந்தது. கூரைக் கழியை எந்தப் பக்கமிருந்து பிரிப்பார்கள் என்றுகூட யோசனை ஓடியது. அப்படியே சேற்றுத் தண்ணீரில் குந்திவிட்டேன்.

நாகம்மாள்தான் பேசினாள். "ஏன் சார், கரையில நின்னுக்கிட்டே கதிர் அறுத்துட்டீங்களே. அது என் மரத்துமேல இந்த வயக்காட்டு மனுசன் அப்பின மண்ணு. போயிப் பாருங்க. முட்டி அளவுத் தண்ணிதான் இப்ப."

"எனக்குத் தெரியும் போம்மா."

"தெரிஞ்சா போவீங்களே. ஆம்பளைங்க ரெண்டுபேரு இருக்கீங்க, ஒரு குடையும் இருக்கு."

வலை பின்னுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆர்.ஐ.க்கு அதுதான் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றி அமிர்தலிங்கத்திடம் கொடுத்தார். கால்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்தார். குடையைப் பிடித்தபடியே தண்ணீருக்குள் இறங்கினார்.

இறங்கி நடந்தார். முழங்கால் அளவுதான். நன்றாகவே நடந்தார். "பாத்தியா, தரை கெட்டியா இருக்கு" என்று திரும்பி அமிர்தலிங்கத்திடம் சொன்னார். "இது நெலந்தான்யா. நடக்க முடியுதே." இன்னும் கொஞ்சம் வந்தார். "நல்ல வண்டல்" என்றார். அவர் நடக்க நடக்க என் கடன் உறுதியாகிக்கொண்டே வந்தது. இன்னும் பத்தடி வந்தால் மூன்றாம் போகத்துக்கும் சேர்த்துத் தீர்வை போட்டுவிடுவார் போல இருந்தது.

நிலத்துக்கு வடக்கெல்லை பண்ணை வாய்க்கால் என்று பட்டாவில் எழுதியிருக்கிறது. புயலுக்கு முந்தின வாய்க்கால். அது அங்கேயேதான் இருந்தது. தண்ணீருக்கு அடியில், சேறு நிறைந்து. ஆர்.ஐ. அதில் கால் வைத்தார்.

குடை மட்டும் அப்படியே நின்றது, ஒரு நிமிஷம். பிறகு குடையும் சாய்ந்து, காற்றில் சுழன்று, கிழக்குப் பக்கம் புறப்பட்டுவிட்டது. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. என்னைவிட நேராகப் போனது. ஆர்.ஐ. மார்பளவுத் தண்ணீரில் நின்றார். நின்றார் என்றால், இடுப்புக்குக் கீழே சேறு பிடித்துக்கொண்டிருந்தது.

"மிக்கேல்ராஜு" என்றார், ரொம்ப அமைதியாக. "என்னால கால எடுக்க முடியலப்பா."

"ஆடாம நில்லுங்கய்யா. ஆடினா இன்னும் இறங்கும்."

அமிர்தலிங்கம் செருப்பையும் நோட்டையும் பிடித்துக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் நடந்தார். "சார், கையெழுத்துப் போடாம போயிடாதீங்க சார்" என்றார். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ.

நாகம்மாள் என்னைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே, அந்த மண்ணை வழிச்சுப் போடு. மரம் மூச்சு விடட்டும். அப்பத்தான் எழும்பும்."

அடைத்ததைப் பிரிக்கக் கை கூசியது. நல்ல வேலை அது, நல்ல இறுக்கம். இருந்தாலும் இரண்டு கையாலும் வழித்து எறிந்தேன். வைக்கோல் மிதந்து போனது. சந்து திறந்ததும், தேங்கி நின்ற தண்ணீர் வெளியே இறங்கியது. ஓட்டை வழியாகத் தண்ணீர் போவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான். இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினேன். மரம் சேற்றைவிட்டு உறிஞ்சுகிற சத்தத்தோடு எழுந்தது. ஏறிக்கொண்டேன்.

அதற்குள் காற்று மாறியிருந்தது. முதுகில் பட்டது. காற்றோடு மிதந்து வந்த துடுப்பை எட்டி எடுத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். பாய் நிறைந்தது. காலுக்குக் கீழே மூன்று மரமும் தனித்தனியே அசைந்தன. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கியது. ஏறின அலை அந்தச் சந்து வழியாகவே திரும்பிப் போனது. அடடா, ஓட்டைதான் இதற்கு உயிர் என்று அப்போதுதான் விளங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. நாகம்மாள் சொன்ன மாதிரியே ஒன்றும் செய்யாமல் இருந்தேன். மரம் நேராக ஆர்.ஐ.யிடம் போனது.

"ஏறுங்கய்யா."

கையைப் பிடித்து இழுத்தேன். சேறு விடவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து படுக்கச் சொல்லி, அக்குளில் கைகொடுத்து, நாற்று பிடுங்குகிற மாதிரி மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தேன். வந்தார். குப்புற விழுந்து மரத்தைக் கட்டிக்கொண்டார். அவர் ஏறியதும் மரம் அமுங்கியது. ஒரு ஆள் மரம் ஒரு ஆளைத்தான் தாங்கும். நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கெட்டித் தரையில் இறங்கிவிட்டேன்.

"எங்கப்பா போற?" என்றார் பயந்துபோய்.

"நான் பின்னால புடிச்சிக்கிட்டு வர்றேங்க. நீங்க அந்தக் கயித்தை மட்டும் விட்டுடாதீங்க."

அப்படித்தான் நாங்கள் கரைக்கு வந்தோம். ஆர்.ஐ. பஞ்சநதம் தனியாளாகப் பாய்மரம் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் முழங்கால் அளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தேன். குப்பமே கரையில் நின்று பார்த்தது. கரை கிட்ட வந்தபோது ஒரு ஆள் கை தட்டினான். ஆர்.ஐ. ஒரு கையை விட்டுத் திரும்பி வணங்கினார். பழக்கம்.

மணலில் உட்கார்ந்து அவர் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது நாகம்மாள் வந்து நின்றாள். "சார், அண்ணன் ரெண்டு மரக்கால் நெல்லு தரும். அது அண்ணன் போனதுக்கு. நீங்க வந்ததுக்கு அஞ்சு ரூவா."

"அஞ்சா?"

"ஆபீசர் ஏறின மரம் சார். இன்னிக்குப் பூரா காயப்போடணும்."

ஆர்.ஐ. ஈரப் பையைத் துழாவினார். "சரி, கைநாட்டு வச்சு ரசீது கொடு. நான் படகு வாடகைன்னு போட்டு வாங்கிக்கறேன்."

அமிர்தலிங்கம் தொண்டையைக் கனைத்தார். "சார், அது பாஸ் ஆவாதே."

"ஏன் ஆவாது?"

"இருபோக நஞ்சைன்னு இப்பத்தானே எழுதியிருக்கோம். அறுவடை முடிஞ்ச வயலைப் பாக்க எதுக்குப் படகுன்னு கேப்பாங்க."

ஆர்.ஐ. பிழிவதை நிறுத்தினார். "குடையும் போச்சுய்யா. பன்னெண்டு ரூவாக் குடை."

"அதுவும் அப்படித்தான் சார். கடல்ல போச்சுன்னா எழுதி வாங்கலாம். வயல்ல போச்சுன்னா, எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமேம்பாங்க."

நான் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன். பேசினால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று பயம். ஆர்.ஐ. கடலைப் பார்த்தார். கிழக்கே நீரோட்டத்தோடு ஒரு கறுப்புப் புள்ளி போய்க்கொண்டிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அந்தத் தாளைக் கிழிங்க" என்றார்.

அமிர்தலிங்கம் கிழித்தார்.

"எழுதுங்க. 'ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டதில் கடல்.' படகிலதான் போகவேண்டி இருந்தது. ஆழம்..." கண்ணைத் திறந்து என்னைக் கேட்டார். "ஆழம் எவ்வளவுப்பா?"

"ஐயா மார்பளவுங்க."

"ஆர்.ஐ. மார்பளவுன்னு எழுதலாமா சார்?"

"ஆளுயரம்னு எழுதுங்க. வைக்கோல் எங்க இப்ப?"

"கடல்ல போயிடுச்சுங்க."

"கடல்ல" என்று சொல்லி, அதையும் எழுதச் சொன்னார்.

ஜமாபந்திக்கு விண்ணரசியும் வந்தாள். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. என் முறை வந்ததும் உள்ளே போனேன். ஜமாபந்தி நடத்த வந்த பெரிய அதிகாரி ஆர்.ஐ.யின் அறிக்கையைப் படித்தார். படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ரெண்டு ஏக்கரும் கடலா?"

"கடல்தான் சார்" என்றார் பஞ்சநதம். "வாடகை ரசீது வச்சிருக்கேன்."

"குடை?"

"அதுவும் கடல்ல சார்."

அதிகாரி குடைக்குப் பத்து ரூபாய்தான் தர முடியும், பழைய குடை என்றார். பஞ்சநதம் அது போன ஆடியில் வாங்கினது என்றார். கொஞ்சநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பதினோரு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். அதே பேனாவால், அதே மையோடு, என் பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார் அதிகாரி. "பாக்கி தள்ளுபடி. பட்டா ரத்து. மனைப் பட்டியல்ல இவன் பேரை ஏத்திக்குங்க" என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தேன். விண்ணரசி எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்து அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வீடு?"

"நிக்கிது."

"நெலம்?"

"போச்சு."

"பாக்கி?"

"அதுவும் போச்சு" என்றேன்.